ஒரே டப்பாவில் இருவர் மாத்திரை

அரங்கனூர், பாகூர் கொம்யூன்
12 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய லில்லி அக்காவுக்கு,

வணக்கம். நான் மணவாளன் மகள் அர்ச்சனா. உங்கள் ஆய்வில் அப்பாவின் எண் 41. போன வாரம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று அப்பாவுக்கு விளக்கியபோது, கதவருகில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேனே, அந்தப் பெண். நீங்கள் கிளம்பியதும் அப்பா நாட்குறிப்பை என் கையில் தள்ளிவிட்டு, "நீதான புஸ்தகப் புழு, நீயே எழுது" என்று கழனிக்குப் போய்விட்டார்.

நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அழைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு போய்விடும். பதினோராம் வகுப்பு முடியும்வரை எனக்குத் தனி போன் கிடையாது. அதனால் உங்கள் ஆய்வுக்காக எங்கள் ஊரில் வேலை பார்க்கும் காசம்மாள் அக்கா வந்து வாங்கிப்போகும் நாட்குறிப்பு உறையிலேயே இதையும் வைக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

என் சங்கடம் இதுதான். எரிச்சல் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று தினமும் ஒரு எண் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவிடம் எண் வாங்குவதற்குள் எனக்குப் பள்ளிப் பேருந்து போய்விடுகிறது.

"அப்பா, இன்னிக்கு எரிச்சல் எவ்ளோ?"

"இருக்குது."

"எவ்ளோ இருக்குது?"

"நேத்து இருந்த அளவு."

"நேத்தும் நீ நம்பர் சொல்லலயேப்பா!"

"எரியறது என் காலு. இதுல நம்பர் எங்கடி வந்துச்சி? மொளகாப் பொடில கால வெச்சா மாதிரி இருக்குது. எழுதிக்கோ."

மிளகாய்ப்பொடிக்கு எந்த எண் போடுவது? எங்கள் உயிரியல் புத்தகத்தில் தேடினேன், இல்லை.

அடுத்த கேள்வி. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் புட்டி கொடுத்தீர்கள். அதில் சிலருக்கு மருந்து இருக்கும், சிலருக்கு இருக்காது என்றும் சொன்னீர்கள். இது எப்படி நியாயம்? அப்பா ஒழுங்காகத் தூங்கி இரண்டு வருடம் ஆகிறது. கரும்பு வெட்டும் நாளில்கூட நடுவில் போய் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு வேண்டியது அந்த எரிச்சல் நிற்பது மட்டும்தான். அதற்காக எத்தனை கட்டம் வேண்டுமானாலும் நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ம. அர்ச்சனா


மூலக்குளம்
24 ஜனவரி 2025

அர்ச்சனா,

நாட்குறிப்பு உறையில் கடிதம் வைக்கக் கூடாது. வைத்துவிட்டாய், நானும் படித்துவிட்டேன். இனி வைக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் ஆய்வில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பேரில் விளக்கத் தாளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டது நீ ஒருத்திதான். அதுவும் நீ ஆய்வில் இல்லாத ஆள்.

எண்: நாட்குறிப்பில் இருக்கும் அளவுகோல் படத்தை அப்பா முன்னால் வை. விரலை வைக்கச் சொல். விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் எண். மிளகாய்ப்பொடி, நெருப்பு, தேள் என்று அவர் எதைச் சொன்னாலும் நீ அதை எண்ணாக மாற்றாதே. உன் கணக்கு எனக்கு வேண்டாம், அவருடைய விரல்தான் வேண்டும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்.

நியாயம்: ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? எல்லோருக்கும் கொடுத்தால், தானாகக் குறைந்தவர்களையும் மருந்தின் பேரில் எழுதிவிடுவோம். டாக்டர் வந்து பேசியதே பாதி நோயைக் குறைத்துவிடும். அதனால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. எனக்குத் தெரியாது. எங்கள் மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால் எங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பிரித்துப் பார்ப்போம். அவருடைய சர்க்கரை மாத்திரைகள் வழக்கம்போல் போகும். தாங்க முடியாத அன்று போட்டுக்கொள்ளத் தனி மாத்திரையும் கொடுத்திருக்கிறேன். எப்போது வேண்டாம் என்றாலும் அவர் விலகிக்கொள்ளலாம்.

மிச்சமுள்ள மாத்திரைகளோடு புட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், நான் எண்ணுவேன். நேற்று ஒரு பெரியவர் ஐம்பத்தாறு மாத்திரையையும் அப்படியே கொண்டுவந்தார். "வெல ஒசந்த மாத்திரயாமே, ஒரு அவசரத்துக்கு ஆவும்னு வெச்சிருக்கன்" என்றார். பன்னிரண்டு வருடமாக நர்சாக இருக்கிறேன். விளக்கத் தாளை அவருக்கு முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக் காட்டினேன்.

லில்லி
ஆய்வுச் செவிலியர்


அரங்கனூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள லில்லி அக்காவுக்கு,

விரல் முறை வேலை செய்கிறது. நன்றி. ஆனால் அப்பாவின் விரல் எட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது. எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு. நாட்குறிப்பைப் பார்த்தால் நான் ஒரே எண்ணைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது.

இதில் பெரிய தொல்லை எங்கள் மாமா. அம்மாவின் அண்ணன், சிவப்பிரகாசம். அவரும் உங்கள் ஆய்வில் இருக்கிறார், எண் 57. அவர் கழனியும் எங்கள் கழனியும் ஒரே வாய்க்காலில். அவருடையது தண்ணீர் முதலில் ஏறும் தலைமடை, எங்களுடையது கடைசியில் வந்து சேரும் கடைமடை. அவருக்கு மூன்றே வாரத்தில் ஏழிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டதாம். நன்றாகத் தூங்குகிறாராம். அதோடு விட்டாரா? டீக்கடையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காலை நீட்டிக் காட்டுகிறார்.

"மச்சான், பாத்தியா? கம்பளி போத்திக்கினு தூங்கறன். எனுக்கு ஒரிஜினல் அடிச்சிருக்குது."

"அப்ப எனுக்கு?"

"உனுக்கு சாக்பீஸ்."

அப்பா அன்று சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து புட்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். ஒரு மாத்திரையை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். "சாக்பீஸ்தான்டி. நீ படிக்கற எடத்துல கெடக்குமே, அதே ருசி" என்றார். சாக்பீஸை எப்போது தின்றீர்கள் என்று கேட்டேன். அம்மா என்னை அதட்டினாள்.

அக்கா, ஒரே ஒரு முறை கேட்கிறேன். அப்பாவுக்குப் புட்டியை மாற்றித் தர முடியாதா? இருவரும் ஒரே ஊர், ஒரே நோய், ஒரே வயது. ஒருவர் மட்டும் தூங்கினால் எப்படி?

அன்புடன்,
அர்ச்சனா


மூலக்குளம்
21 பிப்ரவரி 2025

அர்ச்சனா,

முடியாது.

இனி உன் அப்பாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன், படித்துக் காட்டு. அவர் இந்த வாரம் மட்டும் ஆய்வு எண்ணுக்கு ஒன்பது முறை அழைத்தார். "ஏம்மா, நாலு மாத்திரய மாத்திப் போட்டுக் குடுத்தா இன்னா கெட்டுப்போவும்?" என்று கேட்கிறார். எல்லாமே கெட்டுப்போகும் ஐயா. உங்கள் ஒருவருக்காக மாற்றினால், அடுத்தவருக்கும் மாற்ற வேண்டும். கடைசியில் இந்த மருந்தை நாளைக்கு வாங்கப்போகும் ஆயிரம் பேருக்கு, இது வேலை செய்யுமா என்று சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது.

உனக்கு மட்டும் ஒன்று. 57 பற்றி எனக்கு எழுதாதே. ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் வீட்டோடு பேச எனக்கு உரிமையில்லை. அந்த விதி உங்கள் ஊர் டீக்கடைக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இன்னொன்றும் நினைவில் வை. குறைந்தவர் மருந்து சாப்பிடுகிறார், குறையாதவர் வெறும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது டீக்கடைக் கணக்கு. யாருக்கும் எதுவும் தெரியாது என்று நான் சொன்னது பேச்சுக்குச் சொன்னதல்ல.

உனக்கு அடுத்த மாதம் தேர்வு இல்லையா? போய்ப் படி.

லில்லி


அரங்கனூர்
16 மார்ச் 2025

அன்புள்ள லில்லி அக்காவுக்கு,

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்குக் குறைகிறது! எட்டு, ஏழு, ஏழு, ஆறு, இந்த வாரம் ஐந்து. நேற்று காலை ஆறு மணிக்கு நான்தான் அவரை எழுப்பினேன். அம்மா பூஜை மாடத்தில் கற்பூரம் ஏற்றினாள்.

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் 57 பற்றி ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. மாமாவுக்கு மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. அதனால் பிப்ரவரி கடைசியிலிருந்து அவர் நாட்குறிப்பையும் நானே எழுதுகிறேன். அவர் விரலைத்தான் எழுதுகிறேன், என் கணக்கை அல்ல. அவருக்கு ஏறுகிறது. இரண்டு, மூன்று, நான்கு, இந்த வாரம் ஐந்து.

வரைபடத் தாளில் இருவருடையதையும் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு நீல மை, மாமாவுக்குச் சிவப்பு. இரண்டு கோடும் கத்திரிக்கோல் மாதிரி நெருங்கி, ஐந்தில் வந்து ஒட்டிக்கொண்டன. வரைந்த தாளை உள்ளே வைத்திருக்கிறேன். மருந்து சிலருக்கு மெதுவாக வேலை செய்து, சிலருக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகுமா? இதற்கு ஏதாவது பெயர் உண்டா? எங்கள் ஆசிரியையிடம் கேட்டேன், பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்றார்.

மாத்திரைக் கணக்கு இருவருக்கும் சரியாக இருக்கும், நானே எண்ணினேன். கீழே விழுந்ததுண்டா என்ற கட்டத்தில் மாமாவுக்கு "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர் பாய்ச்சிய வரப்பில் கால் வழுக்கியதெல்லாம் விழுந்த கணக்கில் வராது என்று அவர் சொன்னார்.

அன்புடன்,
அர்ச்சனா


மூலக்குளம்
21 மார்ச் 2025

அர்ச்சனா,

நான் மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்ட கடிதம் இது. நேராகவே கேட்கிறேன்.

41, 57 இரண்டு நாட்குறிப்புகளும் ஒரே கையெழுத்து. கடைசி ஒரு வாரமும் இரண்டிலும் ஒரே எண். மாத்திரை இரண்டு புட்டியிலும் ஒன்றுகூடக் குறையாமல், கூடாமல். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. மனிதர்கள் மாத்திரையை மறப்பார்கள், தொலைப்பார்கள், பூனை தட்டிவிட்டது என்பார்கள். உன் வீட்டில் மட்டும் யாருக்கும் மறதியே இல்லை.

அப்பாவுக்குக் குறைய வேண்டும் என்று நீ எவ்வளவு ஆசைப்படுகிறாய் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். ஆசையில் எண்ணை எழுதிவிட்டாயா? பரீட்சை நேரத்தில் தினமும் இரண்டு பேரைப் போய்க் கேட்க முடியாமல் நீயே நிரப்பிவிட்டாயா? அப்படியென்றால் இப்போதே சொல்லிவிடு. திட்டமாட்டேன். ஆனால் இனி நாட்குறிப்பைத் தொடாதே. இரண்டையும் காசம்மாளிடம் கொடுத்துவிடு.

உன்னை நம்பினேன் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

லில்லி


அரங்கனூர்
23 மார்ச் 2025

லில்லி அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நாட்குறிப்புகளைத் தூக்கி எறிய நினைத்தேன். பிறகு எறியவில்லை. ஒரு எண்ணைக்கூட நான் போடவில்லை என்று அப்பாவும் மாமாவும் தங்கள் கையால் ஆளுக்கு ஒரு வரி எழுதித் தரட்டும், அதை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்கிறேன் என்று நாட்குறிப்புகளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன்.

அவர்கள் மோட்டார் கொட்டகையில் இருந்தார்கள். அப்பா காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா யூரியா சாக்கை விரித்து, ஒரு மஞ்சள் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, வெள்ளை மாத்திரைகளை இரண்டு குவியலாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா பண்ற?"

"பாத்தா தெரியல? பாகம் பிரிக்கறன்."

"ரெண்டு பேர் புட்டியையும் ஒண்ணாக் கொட்டினீங்களா?"

"பின்ன? எந்தப் புட்டில நல்லது இருக்குதுன்னு அந்த டாக்டருக்கே தெரியாதாமே. தெரியாத சாமான இன்னா பண்ணுவாங்க? கலந்து சமமா எடுத்துக்குவாங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"அவன் தலமட, நான் கடமட. ஏரில தண்ணி வத்திப்போனா, தலமடைக்காரன் தான் மட்டும் பாச்சிக்கினு போயிடுவானா? அரை நாளு அவனுக்கு, அரை நாளு எனுக்கு. எங்கப்பன் காலத்துல இருந்து இதான் மொற. அவன் தூங்கறான், நான் முழிச்சிக்கினு கெடக்கறன். போன மாசம் சிவராத்திரி அன்னிக்கி மச்சானே கூப்ட்டு டப்பாவ நீட்டனான். வாணாம்னு சொல்வாங்களா?"

"அது தண்ணி இல்லப்பா!"

"ஆமா, தண்ணியா இருந்தா நீ லெட்டர் போட மாட்ட. மாத்திரையா போச்சி, அதான் மூலக்குளத்துக்கு எழுதற" என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள். புட்டி திரும்பும் நாளில் மிச்சத்தைச் சமமாக எண்ணிப் போட்டுவிடுவார்களாம். அதுதான் நீங்கள் பார்த்த சுத்தமான கணக்கு. என்னுடையது அல்ல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவின் வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கிழிசல் இருந்தது. ஓரமெல்லாம் வெளுத்து, உள்ளே மண் ஒட்டியிருந்தது. கரும்புக் கட்டை குத்தியதாம். எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம்.

"வரப்புல விழுந்தியே, அன்னிக்கா?"

"இருக்கும்."

"வழுக்கித்தான் விழுந்தியா மாமா? நெசமா சொல்லு."

"லேசா தல சுத்திச்சிடி. பூமி ஒரு சுத்து சுத்திட்டு எடத்துக்கு வந்துச்சி. இந்த மாசம் ரெண்டு மூணு வாட்டி அப்பிடித்தான். வெயிலு."

விளக்கத் தாளில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது, அக்கா. தலைசுற்றல் வந்தால் உடனே தெரிவிக்கவும் என்று. நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் "இல்லை" என்று எழுதினேன். அது ஒன்றுதான் நான் எழுதிய பொய். அதற்கு வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "எழுதாத" என்றாள். "உங்கப்பா ரெண்டு வாரமாத்தான் தூங்கறாரு. நீ எழுதினா மாத்திரைய நிறுத்திடுவாங்க. அண்ணனும் எம்மூஞ்சில முழிக்க மாட்டாரு. பெரியவங்க சமாச்சாரம், நீ புஸ்தகத்த எடு."

மூன்று நாள் அல்ல, மூன்று மணி நேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் அப்பா தூங்குவார், மாமா மறுபடி எங்காவது விழுவார். எழுதினால் மாமா விழமாட்டார், அப்பா மறுபடி வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்காருவார். உங்களுக்கு இது ஒரு கட்டம். எனக்கு அப்பா.

எழுதிவிட்டேன். காசம்மாள் அக்காவுக்காகக் காத்திருக்காமல், நாளைக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் பாகூர் தபால் நிலையத்தில் போடுகிறேன். என்னை நம்பியது உங்களுக்கு எரிச்சல் என்றீர்கள். நம்பாமல் போனது எனக்கு எரிச்சல்.

ம. அர்ச்சனா


மூலக்குளம்
26 மார்ச் 2025

அர்ச்சனா,

காலையில் உன் கடிதம் வந்தது. பத்து நிமிடத்தில் இருவரிடமும் போனில் பேசிவிட்டேன். நேற்றிரவு வரை போட்டது போதும், இனி அந்த டப்பாவிலிருந்து ஒன்றுகூட வாயில் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீ அந்த டப்பாவைத் துணியில் கட்டி உன் பையில் வைத்துக்கொள். உன் அப்பா "சரிம்மா" என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை இருவரும் மருத்துவமனைக்கு வர வேண்டும். வண்டி அனுப்புகிறேன். உன் மாமாவின் பாதத்தை அன்றைக்கே பார்க்க வேண்டும். வலிக்காத புண்தான் பயப்பட வேண்டிய புண்.

உன் மீது நான் போட்ட பழி தவறு. கேட்டிருக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். எனக்குக் கோபம் வர வேண்டியது அந்த இரண்டு பேர் மீது. அவர்கள் மீதும் முழுதாக வரவில்லை. எங்கள் பயிற்சியில் மாத்திரையை விற்பவர், மறப்பவர், மாட்டுக்குக் கொடுப்பவர் வரைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பங்காக்கிப் பிரித்துக்கொள்பவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு புட்டியில் ஒன்றில் மட்டும் மருந்து இருந்தால், கலந்து தின்பவருக்கு ஒரு நாள் இரண்டு வேளையும் மருந்து, மறுநாள் ஒரு வேளையும் இல்லை. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

நீ பயந்தது நடக்கும். இருவருக்கும் மாத்திரை நிற்கும். உன் மாமா விழுந்திருப்பதால், பாதுகாப்புக்காக, இருவருக்கும் எந்த மாத்திரை என்று எழுதி மூடிவைத்த உறைகளை மருத்துவர் பிரிக்கிறார். ஆனால் அவர்களை ஆய்விலிருந்து தள்ளிவிட மாட்டோம். எந்தக் குழுவில் சேர்ந்தார்களோ அந்தக் குழுவிலேயே அவர்கள் கணக்கு கடைசிவரை நிற்கும். நடந்த தவறும் நடந்தபடியே எழுதப்படும். பரிசோதனைகளும் தொடரும். தவறு செய்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால், ஒழுங்கானவர்களுக்கு மட்டும்தான் மருந்து கண்டுபிடித்ததாக ஆகும்.

உன் கடிதத்துக்கு ஒரு திருத்தம்: எனக்கும் அவர் வெறும் கட்டம் அல்ல.

லில்லி


அரங்கனூர்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள லில்லி அக்காவுக்கு,

தேர்வு முடிந்துவிட்டது. நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள், அடுத்த வாரம்தான் வருவீர்கள் என்று காசம்மாள் அக்கா சொன்னார். அதனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

அன்று மருத்துவர் இருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டாரே, நான் வெளியே பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா முதலில் வந்தார், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அப்புறம் மாமா வந்தார், பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். வண்டிக்காகக் காத்திருந்தபோது எதிர்க்கடையில் ஆளுக்கு ஒரு டீ வாங்கினார்கள், சர்க்கரை இல்லாமல்.

"மச்சான்" என்றார் அப்பா. "எனுக்குத்தான் மருந்தாம்."

மாமா டீயை ஊதினார்.

"உனுக்கு இன்னா சொன்னாங்க?"

"வெத்து."

"அப்ப ஏழு வாரமா அசல் மாத்திரயத் தின்னுட்டுத்தான் எரியுது எரியுதுன்னு கத்தினு கெடந்தனா?"

"நான் வெத்துமாத்திர தின்னுட்டு ஊர்க்காரனுக்கெல்லாம் கால நீட்டிக் காட்டியிருக்கறன். நீ பேசற."

எனக்கு அப்போதுதான் என் வரைபடத் தாள் ஞாபகம் வந்தது. கலந்த பிறகு அப்பாவுக்கு மருந்து பாதியாகக் குறைந்தது, எரிச்சலும் குறைந்தது. மாமாவுக்கு அப்போதுதான் முதல்முதலாக மருந்து கிடைத்தது, எரிச்சல் ஏறியது. நல்லது கிடைத்துவிட்டது என்று நினைத்தவருக்கு இறங்கியது, நல்லதில் பாதியைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தவருக்கு ஏறியது. நான் நீலத்திலும் சிவப்பிலும் வரைந்தது மாத்திரையையே அல்ல. இதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சலாக வருகிறது. இப்படி இருந்தால் எதைத்தான் நம்புவது? டீக்கடைக் கணக்கு என்று நீங்கள் பிப்ரவரியிலேயே சொன்னீர்கள். நான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா.

அப்பாவுக்கு நல்லதே நடந்தது. 'இந்தப் புது மருந்து உங்களுக்குப் பலிக்கவில்லை, அது தெரிந்துவிட்டது, தெரியாமல் போயிருந்தால் ஜூன் வரைக்கும் இதையே தின்றுகொண்டிருப்பீர்கள்' என்று மருத்துவர் அவரிடம் சொன்னாராம். இப்போது ரொம்ப நாளாக எல்லோரும் சாப்பிடும் பழைய மாத்திரை ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார். முதல் பத்து நாள் மோசம். வாய்க்காலுக்கே போய்விட்டார், என்னோடு பேசவும் இல்லை. இப்போது நான்கு நாளாகத் தூங்குகிறார். நாலு நாளை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதே என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டாள்.

ஆனால் மாமா வருவதில்லை.

பாதப் புண்ணுக்கு வாரம் இரண்டு முறை வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். மூன்று முறை போனார். டீக்கடையில் யாரோ, "இன்னா சிவப்பிரகாசம், மருந்து இல்லாமயே குணமாவறியாமே, கட்டு மட்டும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து பதினைந்து நாளாக டீக்கடைக்கும் இல்லை, மருத்துவமனைக்கும் இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து அவரே கட்டிக்கொள்கிறார். துணியில் மஞ்சளாக ஊறியிருக்கிறது. வலிக்கவில்லை என்கிறார். எரிச்சல் மட்டும் ஏழுக்கே திரும்பிவிட்டது.

நேற்று அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். மாமா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"மச்சான், எழுந்துரு. காலு போய்டும்டா."

"போவட்டும். வெத்து ஆளுக்கு வெத்துக் காலு."

"உம்மேல தப்பு இல்லடா."

"எம்மேல இல்ல. உன் பொண்ணு மேலதான். இவ எழுதலன்னா நான் பாட்டுக்குத் தூங்கினு இருப்பன்."

நான் அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழவில்லை. கோபம்தான் வந்தது. "மாமா, நீ விரல் வெச்ச எடத்ததான் நான் எழுதினன். ரெண்டுன்னு வெச்ச, ரெண்டுன்னு எழுதினன். நீ பொய் சொல்லல. நானும் சொல்லல. அத லில்லி அக்கா நோட்டுல போய்ப் பாரு, ரெண்டுன்னுதான் இருக்கும். யாரும் அடிச்சி அழிக்கல" என்று கத்திவிட்டேன். மாமாவிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். காலைத் தொங்கவிட்டார். அந்தத் துணிக்கட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

"மாத்திர வெத்துன்னா, அந்த ஏழு வாரம் தூங்கினது யாருடி?"

அப்பா என்னைப் பார்த்தார். நூலகத்துக்குப் போய்த் தேடி எழுதித் தருகிறேன் என்றேன். "புஸ்தகத்துல இருக்கறது எனுக்கு வாணாம். அந்த நர்சம்மாவ எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு. அப்ப வரன், கட்டும் மாத்திக்கறன்" என்றார். அப்பா உடனே எழுந்து, மனசு மாறுவதற்குள் வேட்டியை எடுத்துத் துவைக்கப் போடச் சொல்லி அத்தையிடம் கத்தினார்.

உங்கள் விடுப்பு முடிந்து நீங்கள் வரும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைத்து வருகிறோம். அதுவரைக்கும் தினமும் காசம்மாள் அக்கா வந்து புண்ணைக் கழுவிக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

அக்கா, 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அல்லது அதையே சொல்லுங்கள், ஆனால் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அர்ச்சனா